7.7 லீற்றரிலிருந்து 11 லீற்றருக்கு: மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி மாற்றிய மூன்று வாரங்கள்

வெருகல், ஈச்சிலம்பற்று பக்கம் வேலைக்குப் போகும் நாட்களில் என் மோட்டார் சைக்கிளின் பின் கரியரில் ஒரு 5 லீற்றர் பெற்றோல் கேன் கட்டியிருக்கும். சிறு குளங்களின் அணைக்கட்டையும் தண்ணீர் திறக்கும் துருசையும் வாய்க்காலையும் அளந்து குறிப்பெடுப்பது என் வேலை. காலையில் திருகோணமலையில் புறப்பட்டால் கிண்ணியா, மூதூர் கடந்து, உள்ளே மண் பாதைகளில் நாள் முழுக்கச் சுற்றி, இரவில்தான் திரும்புவேன். மாலையானால் உடுப்பில் பெற்றோல் மணக்கும். வெயிலில் கேன் ஊதிப் பெருக்கும். குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் மனம் பின்னால்தான் இருக்கும்.

என்னிடம் இருப்பது ஹொண்டா சிஆர்எஃப் 250 எல். மண் பாதைக்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்காது. ஆனால் தாங்கி கொள்வது 7.7 லீற்றர்தான். தார் வீதியில் லீற்றருக்கு 30 கிலோமீற்றர் ஓடுகிற வண்டி, குளக்கட்டில் இரண்டாம் கியரில் ஊரும்போது 24, 25க்கு இறங்கிவிடும். 150 கிலோமீற்றர் தாண்டியதும் பெற்றோல் ஷெட் எங்கே என்று கண் தேடத் தொடங்கும். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கு வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். கேனுக்கு அடிக்கவே மாட்டோம் என்றார்கள். அந்த மாதங்களில் எத்தனையோ குளங்களுக்கு என்னால் போகவே முடியவில்லை. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அந்த நினைவு போகவில்லை. பெற்றோல் கிடைக்கிற நாளில் நிறைய எடுத்துக்கொள்ள வேண்டும், அது தாங்கிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் நினைத்தது இங்கேயே தகரத்தில் ஒன்று செய்விக்கலாம் என்றுதான். இருக்கிற தாங்கியை வெட்டிப் பக்கங்களில் தகடு வைத்து ஒட்டித் தருவதாக ஒருவர் சொன்னார். இரண்டு காரணங்களால் அதை விட்டேன். பெற்றோல் இருந்த தாங்கிக்குள் ஆவி எவ்வளவு கழுவினாலும் தங்கி நிற்கும், அதன் பக்கத்தில் வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. மற்றது, இந்த வண்டியில் பெற்றோல் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. அது உட்காரும் முகம் கொஞ்சமும் நெளியாமல் மட்டமாக இருக்க வேண்டும். வெல்டிங் சூட்டில் தகடு நெளிந்தால் அந்த இடம் கசியும்.

ஆகவே வெளிநாட்டுத் தயாரிப்புத்தான். இத்தாலியின் அசெர்பிஸ், கலிஃபோர்னியாவின் ஐஎம்எஸ், அவுஸ்திரேலியாவின் சஃபாரி போன்றவர்கள் நெடுந்தூரப் பயணத்துக்கென்றே பிளாஸ்ரிக் தாங்கிகள் செய்கிறார்கள். பிளாஸ்ரிக் என்றதும் எனக்கு முதலில் தயக்கம்தான். யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அதுதான் பொருத்தம், துருவே பிடிக்காது. கறுப்பு வேண்டாம் என்று பால்வெள்ளை நிறத்தில் 11 லீற்றர் தாங்கியைத் தேர்ந்தெடுத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே பெற்றோல் எதுவரை நிற்கிறது என்று பக்கவாட்டிலேயே தெரியும். அந்த வசதியின் அருமை பிறகுதான் முழுமையாகப் புரிந்தது.

மெல்பேர்னில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தார். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். பெற்றோல் ஒருமுறைகூடப் படாத புதுத் தாங்கி என்றபடியால் அனுமதித்தார்கள். பாவித்த தாங்கி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வாங்கி அனுப்ப நினைத்தால் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

பொருத்தும் வேலைக்குக் கிண்ணியாவில் ஒரு மெக்கானிக் நானாவிடம் போனேன் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம்). என் வண்டியின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்தவர். பிளாஸ்ரிக் தாங்கி அவருக்கும் புதிது. பெட்டியை வாங்கி மடியில் வைத்து, கூட இருந்த தாளை என்னைக் கொண்டு இரண்டு தடவை வாசிக்க வைத்தார். பிறகு, "இண்டைக்கு ஒண்டும் கழட்டுறல்ல தம்பி. வண்டியில பெற்றோலக் குறைச்சிக்கிட்டு ஞாயித்துக்கிழம வாங்க" என்றார்.

ஞாயிறு காலை முதல் வேலையாகப் பக்கத்துக் கடையில் எரிந்த தேநீர் அடுப்பை அணைக்கச் சொன்னார். கிண்ணியாவுக்கு வரும் வழியில் சீனன்குடாவைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அங்கே ஒரு தாங்கி எரிந்த கதையை எங்கள் வீடுகளில் கேட்டு வளராத பிள்ளை இல்லை. நானாவின் வாப்பாவும் அதைச் சொல்லியிருக்கிறார். "பெற்றோலுக்குப் பெருசு சின்னது இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பானரைத் தொட்டார்.

பம்பின் வயர் இணைப்பைக் கழற்றிவிட்டு எஞ்சினை இயக்கினோம். சில நொடி ஓடித் தானாக நின்றது. குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் பெற்றோல் அப்படித்தான் தீரும். அதைச் செய்யாமல் குழாயை இழுத்தால் முகத்தில் பீச்சும். பிறகு பற்றரியின் மறைமுனையைக் கழற்றி, மீதிப் பெற்றோலை வடித்தோம். தாங்கியின் பின் ஆணி கடற்காற்றில் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்துதான் அசைக்க முடிந்தது. புதியவை எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காத எஃகு ஆணியே போட்டேன்.

புதுத் தாங்கியைக் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் குலுக்கி வெள்ளைத் துணியில் ஊற்றினார் நானா. சுருள் சுருளாகப் பிளாஸ்ரிக் சீவல்கள் வந்தன. தொழிற்சாலையில் துளை போட்டபோது உள்ளே விழுந்தவை. மூன்றாவது தடவைதான் துணி சுத்தமாக இருந்தது. அந்தச் சீவல்களோடு பம்பை வைத்திருந்தால் அதன் வடிகட்டி அடைத்திருக்கும்.

அன்றே முடித்துவிடலாம் என்று நினைத்த வேலை இதற்கு மேல் நகரவில்லை. பம்பைப் பழைய தாங்கியிலிருந்து வெளியே எடுத்ததும் அதன் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் ஊறிப் பெருத்துவிட்டது. திரும்பத் தன் பள்ளத்தில் உட்காரவே இல்லை. பெற்றோலில் வருடக்கணக்காகக் கிடந்த ரப்பர் அப்படித்தான் ஆகும். அழுத்தி வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். நானா தலையாட்டி மறுத்தார். புதிய வளையம் கொழும்பிலிருந்து வர ஒரு வாரம் ஆனது. இந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் தாங்கியோடு சேர்த்து அந்த வளையத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பொருள்தான், என் ஒரு வாரம் அதற்குப் போனது.

வளையம் வந்ததும் பம்பையும் பெற்றோல் மட்டம் காட்டும் அளவியின் மிதவையையும் புதியதில் பொருத்தினோம். ஆணி திருகி இறங்குவதற்குப் பிளாஸ்ரிக்குக்குள் பித்தளை மரைகள் பதித்திருக்கிறார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பித்தளையே பிளாஸ்ரிக்கைப் பெயர்த்துக்கொண்டு சுழலும், அதற்குப் பிறகு தாங்கி வீண். நானா ஸ்பானரின் வாலைப் பிடிக்காமல் கழுத்தைப் பிடித்து, இரண்டு விரல் பலத்தில், ஒன்றுக்கு எதிர் மூலை மற்றது என்று சுற்றிச் சுற்றி இறுக்கினார். "கை பலத்தக் காட்டுற இடம் இதில்ல தம்பி."

தாங்கியை வண்டியில் வைத்ததும் நான் தாங்கியின் இரு பக்கமும் மூடும் பக்கப் பலகைகளையும் பூட்டத் தயாரானேன். அவர் விடவில்லை. கூட வந்த தாளில் ஒரு வரி இருந்தது, நான் வாசித்துவிட்டு மறந்த வரி. இந்தப் பிளாஸ்ரிக் பெற்றோலை உறிஞ்சிக் கொஞ்சம் பெருக்கும். ஆகவே தாங்கியை மட்டும் தளர்வாகப் பூட்டி, நிறையப் பெற்றோல் விட்டு, மூன்று நாள் கராஜின் நிழலில் நிறுத்தினோம். நாலாம் நாள் பக்கப் பலகையை வைத்துப் பார்த்தால் துளைகள் சில மில்லிமீற்றர் தள்ளி நின்றன! முதல் நாளே இறுக்கியிருந்தால் அந்த விசை முழுவதையும் பித்தளை மரைகள்தான் தாங்கியிருக்கும். நானா உருண்டை அரத்தால் பலகையின் துளைகளை நீளவாக்கில் ராவிவிட்டார். இடப்பக்கம் ரேடியேற்றர் இருப்பதால் அங்கே தாங்கி உரசாமல் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்தார்.

கசிவு பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. பம்பின் விளிம்பைச் சுற்றியும் குழாய் இணைப்பிலும் ரிஷூ தாளைச் சுற்றிவிட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் பத்துத் தடவை திருப்பினார். ஒவ்வொரு தடவையும் பம்ப் "ஙீ" என்று ஓடி அழுத்தம் கொடுத்து நின்றது. தாள் நனையவில்லை.

மறுநாள் நிலாவெளிப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனேன். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, குச்சவெளிக்கு முன்னால், பெற்றோல் தீர்ந்த வண்டி மாதிரித் திணறி நின்றது. தாங்கி நிறைய இருக்கிறது, பம்பின் சத்தமும் கேட்கிறது. மனம் உடைந்து போனது. சரி, உள்ளே பார்ப்போம் என்று மூடியைத் திருகினேன். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே வண்டி இயங்கியது. கொஞ்சத் தூரம் போனதும் திரும்ப அதே கதை. மூடியைத் திறந்து மூடியபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

காரணம் மூச்சுக் குழாய். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். மூடியிலிருந்து ஹேண்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயை நான் அழகுக்காக ஒரு பட்டியால் இழுத்துக் கட்டியிருந்தேன். ஹேண்டிலை நேராகப் பிடித்தபோது அது மடிந்து தட்டையாகிவிட்டது. நிறுத்திப் பார்க்கும்போது ஹேண்டில் திரும்பியே இருக்கும், அதனால் கண்ணில் படவில்லை. பட்டியை வெட்டி, குழாயைக் கொஞ்சம் நீளமாக வில் போல வளையவிட்டேன். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, நேராகவும் பிடித்து, வாயால் ஊதிப் பார்த்து உறுதிசெய்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இப்போது முழுத் தாங்கியில் வெருகல் வரை போய், உள்ளே சுற்றிவிட்டு, திரும்பி வந்தும் மிச்சம் இருக்கிறது. முதல் கணக்கில் 286 கிலோமீற்றருக்கு 9.9 லீற்றர் பிடித்தது. கூடுதலான 3.3 லீற்றரின் எடை இரண்டரைக் கிலோ அளவுதான். ஓட்டும்போது அது தெரியவில்லை, முழங்காலுக்கு இடையே தாங்கியின் அகலம்தான் இரண்டு நாள் புதிதாக இருந்தது. டேஷ்போர்டின் அளவியை நான் நம்புவதில்லை. வடிவம் மாறியதால் நூறு கிலோமீற்றர் வரை முழு என்றே காட்டி, பிறகு வேகமாக இறங்குகிறது. ட்ரிப் மீற்றரும் பால்வெள்ளைப் பக்கமும்தான் என் கணக்கு. ஷெட்டில் கழுத்து வரை நிரப்ப விடுவதுமில்லை. பெற்றோல் 10 பாகை சூட்டுக்கு நூற்றில் ஒரு பங்கு விரியும். உப்புவெளி வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் அதற்கு இடம் வேண்டும், இரண்டு விரல் குறைத்தே நிறுத்தச் சொல்கிறேன். அடியில் பம்புக்கு எட்டாத பக்கத்தில் கொஞ்சம் தங்கும். அவசரமென்றால் வண்டியைப் பம்ப் இருக்கும் பக்கம் சரித்துப் பிடித்தால் அதுவும் வந்து சேரும்.

500 கிலோமீற்றர் ஓடியதும் ஆணிகளைப் பார்க்க நானாவிடம் திரும்பப் போனேன். ஒன்று மட்டும் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. பழைய தாங்கியை உட்புறம் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். கரியரில் கட்டியிருந்த கேனை, தன் மச்சானின் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோக என்று நானா கேட்டு வாங்கிக்கொண்டார்.