ஒரே பெட்டி, வெவ்வேறு ஆயுள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் 12 வோல்ட், 7 ஏஎச் (கொள்ளளவைக் குறிக்கும் ஆம்பியர்-மணி) என்று அச்சிட்ட மூடிய ஈய-அமில பேட்டரிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒன்றுதான் என்பார் கடைக்காரர். எப்போதாவது சில நிமிடங்கள் கணினியைத் தாங்கும் யூபிஎஸ்ஸுக்கு அவர் சொல்வது ஏறக்குறையச் சரி. மின்வெட்டின்போது மணிக்கணக்கில் ரௌட்டரையும் விளக்கையும் ஓட்டி, நாள்தோறும் பாதிக்கு மேல் வடியும் பேட்டரிக்கு அது பொருந்தாது.

வேறுபாடு தகட்டில் தொடங்குகிறது. மெல்லிய தகடுகளைப் பலவாக அடுக்கினால் பரப்பு கூடி, குறைந்த நேரத்துக்குப் பெரும் மின்னோட்டம் கிடைக்கும். ஆனால் ஆழமாக வடியும்போதெல்லாம் நேர்மின் தகட்டிலுள்ள ஈய டைஆக்சைடு, ஈய சல்பேட்டாக மாறிப் பருக்கிறது. சார்ஜ் ஏறும்போது சுருங்குகிறது. இது திரும்பத் திரும்ப நிகழ்கையில் துகள்களுக்கிடையே பிடிப்பு தளர்ந்து, தகட்டில் பூசிய அந்தப் பசை சேறுபோல் இளகி, அதைத் தாங்கும் ஈயச் சட்டகமான கிரிட்டை விட்டு விலகுகிறது. தடித்த தகடும் அடர்த்தியான பசையும் இதைக் கூடுதல் காலம் தாங்கும். ஏஜிஎம் வகையில் தகடுகளுக்கு இடையே அழுத்திச் செருகிய கண்ணாடி இழைப் பாய், அமிலத்தை உறிஞ்சி வைத்திருப்பதோடு பசையையும் இறுக்கிப் பிடிக்கிறது; அந்த அழுத்தம் குறைந்த மலிவான பேட்டரி ஆழ்சுழற்சியில், அதாவது ஆழமாக வடிந்து மீண்டும் நிரம்பும் பயன்பாட்டில், விரைவில் தளரும்.

கிரிட்டின் உலோகக் கலவையும் முக்கியம். ஆண்டிமனி கலந்த ஈயம் ஆழ்சுழற்சிக்கு ஏற்றது. ஆனால் வாயு அதிகம் வெளியேறி நீர் குறையும். மூடிய பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வழியில்லாததால் கால்சியம் கலவையைப் பயன்படுத்துகிறார்கள். ஆழ்சுழற்சியில் அதற்கு இருந்த பலவீனத்தைச் சிறிதளவு வெள்ளீயம் சேர்த்துக் குறைத்திருக்கிறார்கள்.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும்: எப்போதும் சார்ஜரிலேயே இருப்பதற்கு 13.5 முதல் 13.8 வோல்ட், சுழற்சிப் பயன்பாட்டுக்கு 14.4 முதல் 15 வோல்ட். சிறிய யூபிஎஸ்கள் பெரும்பாலும் முதல் அளவிலேயே நிறுத்திக்கொள்கின்றன. நாள்தோறும் வடியும் பேட்டரி அதில் முழுமையாக நிரம்பாமல், மிச்சமிருக்கும் சல்பேட் இறுகிக் கொள்ளளவைத் தின்றுவிடும். எதிர்ப்புறமாக, உயர்ந்த வோல்டேஜிலேயே நாள்கணக்கில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் வற்றிவிடும்.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது. பெங்களூரின் வானிலை இதில் நமக்குச் சாதகம்தான். பேட்டரியைச் சூடான யூபிஎஸ் பெட்டிக்குள் திணித்து அந்தச் சாதகத்தை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே, வாங்கும்போது கையில் தூக்கிப் பார்ப்பது என் முதல் சோதனை. ஒரே அளவில் எடை குறைந்தது என்றால் ஈயம் குறைவு. முழுக்க வடித்தால் எத்தனை சுழற்சி, 30 விழுக்காடு மட்டும் வடித்தால் எத்தனை என்ற வரைபடம் தரவுத் தாளில் இல்லாத பேட்டரியை நான் தினசரி வேலைக்கு எடுப்பதில்லை. வீடு முழுவதற்குமான இன்வெர்ட்டருக்கு, பராமரிப்பைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், நேர்மின் தகடு குழாய் வடிவில் அமைந்த, தண்ணீர் ஊற்றும் ட்யூபுலர் பேட்டரியையே பரிந்துரைப்பேன்.