லார்ஜ் காப்பர்: பழைய இழுப்பறையில் துணையினம் பிரிப்பது

பழைய சேகரிப்பில் ஊசிகுத்தி வைத்த லார்ஜ் காப்பர் பட்டாம்பூச்சிகளைத் துணையினவாரியாக (ஒரே சிற்றினத்தின் உட்பிரிவுகளாக) பிரிக்க உட்கார்ந்தால் இறக்கையைக் கடைசியில் பாருங்கள். இங்கிலாந்தின் சதுப்புகளில் வாழ்ந்த லைசீனா டிஸ்பார் டிஸ்பார், விட்டில்சி மியர் ஏரியை வடித்த 1850களை ஒட்டி அழிந்துபோனது. அதன்பின் சேகரிப்பாளர்களிடம் அதன் விலை ஏறியது. ஐரோப்பாவில் பிடித்த ரூட்டிலஸ் துணையினத்தை இங்கிலாந்துப் பூச்சி என்று தள்ளிவிட்ட வியாபாரிகளும் இருந்தார்கள்.

அதனால் முதலில் ஊசி. அக்கால ஆங்கிலேயர்கள் குட்டை ஊசியில், பூச்சி பெட்டியின் அடித்தக்கையை ஒட்டி உட்கார, இறக்கை நுனி சற்றே கீழே வளையும்படி குத்துவார்கள். ஐரோப்பியப் பாணியில் ஊசி நீளம், பூச்சி உயரத்தில், இறக்கை தட்டை. தட்டையாக உயரத்தில் நிற்கும் பூச்சியின் ஊசியில் 'விட்டில்சி' என்று பிடித்த இடத்தைச் சொல்லும் சீட்டு இருந்தால் சந்தேகப்படலாம். தீர்ப்புச் சொல்ல அது போதாது: ஈரப்பெட்டியில் இளக்கி மறுபடி விரித்திருக்கலாம்.

அடுத்து சீட்டின் துளை. ஒரே ஊசியில் இருந்த சீட்டில் ஒரு துளைதான் இருக்கும். இரண்டு இருந்தால் வேறு பூச்சியிலிருந்து வந்திருக்க வாய்ப்புண்டு. வயிறு மார்போடு சேரும் இடத்தை லென்ஸில் பாருங்கள். பசை மினுங்கினால் ஒட்டுவேலை, வயிறு இன்னொரு பூச்சியுடையதாகவும் இருக்கலாம்.

தூக்கும்போதுதான் அதிகம் உடையும். பித்தளை ஊசியில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் மார்புக்குள் வீங்கி விரிசல் விட்டிருக்கும். ஊசியின் தலையைப் பிடித்துத் திருகினால் பூச்சி தனியாகச் சுழன்று பக்கத்துப் பூச்சியின் உணர்கொம்பு போகும். மார்புக்குக் கீழே இடுக்கியால் ஊசியைப் பிடித்து நேராக மேலே எடுக்க வேண்டும். கையுறை அவசியம், பழைய பெட்டிகளில் ஆர்சனிக்கும் பாதரச உப்பும் பூசிய வழக்கம் உண்டு.

இனி இறக்கை. ஆரஞ்சின் சாயலை நம்பாதீர்கள், வெளிச்சத்தில் வெளுக்கும். கரும்புள்ளியின் அளவு வெளுக்காது. ரூட்டிலஸில் புள்ளிகள் சிறியவை, பின்னிறக்கை அடிப்பக்கத்தின் ஆரஞ்சுப் பட்டை ஒடுக்கம். டிஸ்பார் டிஸ்பாரில் புள்ளிகள் பெரியவை, பட்டை அகலம். தாழக் குத்திய பூச்சியின் அடிப்பக்கம் தெரியாது, நுரைக்கட்டையின் ஓரத்தில் குத்திக் கீழே சின்னக் கண்ணாடி வைத்தால் போதும். உடலளவு துணைக்கு வராது: ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் ரூட்டிலஸின் இரண்டாம் தலைமுறை சிறியது. பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்ப்பதும் இங்கே பெரிய உதவியில்லை, சிற்றினம் பிரிக்கத்தான் அது.

சிக்கல் பிடித்தது நெதர்லாந்தின் பட்டாவஸ் துணையினம். டிஸ்பார் டிஸ்பாரோடு அவ்வளவு ஒத்திருக்கும். 1927இல் அதைத்தான் இங்கிலாந்தின் உட்வால்டன் ஃபென் சதுப்பில் விட்டார்கள். ஆக 'உட்வால்டன், 1930' என்ற சீட்டு முழுக்க நிஜமாக இருந்தும் பூச்சி டிஸ்பார் டிஸ்பார் ஆகாது.

பழைய சீட்டை எடுத்துவிடாதீர்கள், பொய்யாக இருந்தாலும். உங்கள் முடிவை அமிலமற்ற தாளில் ஆண்டோடு எழுதி அதன்கீழ் அதே ஊசியில் சேருங்கள். உறுதியில்லையென்றால் துணையினத்தின் பெயரை விட்டுவிட்டு 'லைசீனா டிஸ்பார்' என்ற சிற்றினப் பெயர் மட்டும்.