நான்கும் பச்சை

எட்டு வருடம் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்துவிட்டு ப்ரோக்ராம் மேனேஜர், அதாவது ஒரே நோக்கத்துக்கான பல ப்ராஜெக்டுகளைச் சேர்த்துப் பார்ப்பவர், ஆனபோது, ஒன்றுக்குப் பதில் நான்கு ப்ராஜெக்ட், அவ்வளவுதானே என்று நினைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அதே கூட்டம், அதே எக்செல். இந்தத் துறைக்குச் சான்றிதழ் தரும் பிஎம்ஐ அமைப்பே ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழை 1984-ல் கொண்டுவந்துவிட்டு, ப்ரோக்ராம் மேனேஜர்களுக்கென்று பிஜிஎம்பி சான்றிதழ் கொடுக்க 2007 வரை எடுத்துக்கொண்டது.

என் முதல் ப்ரோக்ராம், பழைய பில்லிங் மென்பொருளை மாற்றுவது. புதிய மென்பொருள், டேட்டா மாற்றம், வாடிக்கையாளருக்கான மொபைல் ஆப், ஊழியர் பயிற்சி என நான்கு ப்ராஜெக்ட், நான்கு மேனேஜர்கள். திங்கட்கிழமை அறிக்கையில் நான்கு வரியும் பச்சை, அதாவது எல்லாம் திட்டப்படி. நானும் நிம்மதியாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் டேட்டா குழுவின் மாதிரிக் கோப்பைச் சும்மா திறந்தேன். வாடிக்கையாளர் எண் 12 இலக்கம். ஆப்பில் அந்தக் கட்டம் பத்துக்கு மேல் வாங்காது. இரண்டு குழுவுமே டெஸ்டிங்கை ஒழுங்காக முடித்திருந்தார்கள். அவரவர் ஆவணப்படி யார் மேலும் தப்பில்லை. தப்பு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த நடுவைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆப்பை மூன்று வாரம் தள்ளிப்போடச் சொன்னேன். அதன் மேனேஜர் கொதித்துவிட்டார். "சார், தேதி தவறினால் என் பெயர்தானே கெடும்?" நியாயம்தான். ஸ்கோப் (செய்ய வேண்டிய வேலையின் எல்லை), நேரம், செலவு மூன்றுக்கும் பொறுப்பேற்றிருப்பவர் அவர். முந்தைய வருடம் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்டிருப்பேன். சரி என்று சேஞ்ச் ரிக்வெஸ்ட் போட்டு, மேலே முடிவெடுக்கும் ஸ்டியரிங் கமிட்டியில் நானே பேசி, அவருடைய பேஸ்லைன் தேதியை, அதாவது முதலில் ஒப்புக்கொண்ட தேதியை, மாற்றி வாங்கினேன். தாமதம் என் கணக்கில் ஏறியது.

நான்கு ப்ராஜெக்டும் முடிந்தன, குழுக்கள் கலைந்தன. அப்புறமும் ஆறு மாதம் நான் அதிலேயே இருந்தேன். பில் பற்றிய புகார்கள் குறைய வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை செலவும். முதல் இரண்டு மாதம் அவை கூடின. ஏன் என்று கேட்க அந்த நான்கு பேரில் யாரையும் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார்கள்.