கை வைத்தால் போதுமா?

கை வைத்து ஆற்றலைச் செலுத்துவதாகச் சொல்லும் ஜப்பானிய முறையான ரெய்கியை நான் கற்றுக்கொண்டவள். தலைவலி என்று யாராவது வந்து உட்கார்ந்தால் இன்றைக்கும் நெற்றியில் கை வைப்பேன், கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகி, இறுகிக் கிடந்த தோள் இறங்குவது தெரியும். அந்த ஆறுதல் பொய்யில்லை. ஆனால் அதைக்கொண்டு நோயையே விரட்டிவிடலாம் என்று நம்ப ஆரம்பிக்கிறார்களே, அங்கேதான் எனக்குப் பயம்.

அக்காவின் குழந்தைக்குப் பிறந்த மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள். "நீயே கை வையேன், ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றார்கள் வீட்டில். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த மஞ்சளைத் தரும் பிலிருபின் என்ற பொருள் அளவுமீறி மூளையில் படிந்துவிட்டால் அப்புறம் எந்தக் கையாலும் மீட்க முடியாது. ஆஸ்பத்திரியில் குழந்தையின் கண்ணை மூடிக் கட்டி, இடுப்புத் துணியோடு மட்டும் நீல விளக்கின் கீழ் படுக்கவைத்தார்கள், குட்டி விரல்கள் காற்றில் எதையோ தேடிக்கொண்டே இருந்தன. அந்த வெளிச்சம் தோலில் பட்டதும் பிலிருபினின் வடிவம் மாறுகிறது, தண்ணீரில் கரையாமல் கிடந்தது கரைந்து பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடுகிறது. 1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், ஒரு நர்ஸ் வெயிலில் காட்டி எடுத்துவந்த குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த முக்கோணம் மட்டும் நல்ல மஞ்சளாக நின்றதாம். இந்தச் சிகிச்சையே அங்கிருந்து வளர்ந்ததுதான். ஆற்றல் சிகிச்சை என்றால் எனக்கு இதுதான்.

ஆற்றல் என்ற பெயரிலேயே, மண்ணையும் தண்ணீரையும் குணமாக்க ஆர்கோனைட் புதைக்கச் சொல்கிறார்கள் சிலர். ரெசினில் உலோகத் துருவலும் படிகமும் போட்டு உறையவைத்த கட்டி அது. தயவுசெய்து வேண்டாம், ஏரியில் போடுகிற இன்னொரு பிளாஸ்டிக் குப்பைதான் அது. நிஜமாகவே மின்சாரத்தால் கடலுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டடக் கலைஞர் வோல்ஃப் ஹில்பெர்ட்ஸ், பவள ஆய்வாளர் தாமஸ் கோரோ இருவரும் வளர்த்தெடுத்த பயோராக் முறையில், கடலடியில் இரும்புக் கம்பிச் சட்டத்தை இறக்கி மிகக் குறைந்த மின்னழுத்தம் கொடுக்கிறார்கள், சூரியத் தகடே போதும். கடல்நீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் கம்பிமேல் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படிகின்றன. உடைந்து உருண்டுகிடந்த உயிருள்ள பவளத் துண்டுகளை அதில் கட்டிவிட்டால் பிடித்துக்கொண்டு வளர்கின்றன. பாலித் தீவின் பெமுதெரானில் 2000த்திலிருந்து இது நடக்கிறது.

கடல் அளவுக்குமேல் சூடானால் இந்தப் பவளமும் வெளுக்கத்தான் செய்யும், கம்பி அதைத் தடுக்காது. இருந்தாலும் படிகக் கட்டி வாங்க வைத்திருக்கும் காசை இந்தமாதிரி வேலைக்குக் கொடுங்கள் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.