பிள்ளைக் காம்பரா

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டில், தரம் நான்கு மாணவர்களிடம் ‘எனது படுக்கையறை’ என்ற தலைப்பில் ஒரு படம் வரைந்து, அதன் கீழே ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னேன். கட்டில், மேசை விளக்கு, திரைச்சீலை, பொம்மை என உதவிச் சொற்களையும் கரும்பலகையில் எழுதி வைத்தேன். நெடுநேரம் எவரும் பென்சிலை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு சிறுமி எழுந்து வந்து, “டீச்சர், படுக்கையறைன்னா பிள்ளைக் காம்பராவா?” என்று கேட்டாள்.

மலையகத்தில் அறையைக் காம்பரா என்பார்கள். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துக் காப்பகமே பிள்ளைக் காம்பரா. பிள்ளையின் பெயரால் அழைக்கப்படும் அறையாக அந்தச் சிறுமி அறிந்திருந்தது அது ஒன்றைத்தான். அதுவும் அவளுடைய வீட்டில் இல்லை, நிர்வாகத்தின் கட்டடத்தில் இருந்தது. கண்டி நகரில் தனி மேசையும் தனிக் கட்டிலுமாக வளர்ந்த எனக்கு அன்று அவளிடம் சொல்வதற்குப் பதில் இருக்கவில்லை.

அந்த வாரமே வீடுகளுக்குச் செல்லத் தொடங்கினேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்று சொல்லப்படும் சிறு திண்ணை, ஒரே கூரையின் கீழ் இப்படி வரிசையாகப் பல குடும்பங்கள்: இதுதான் லயம். இரட்டை லயங்களில் இரு வரிசைகளுக்கும் பின்சுவர் பொதுவாக இருப்பதால் அந்தப் பக்கம் சன்னல் வைக்கவே வழியில்லை; விறகடுப்பின் புகை உள்ளேயே சுற்றிக் கொண்டிருக்கும். தாத்தாவின் பெயரில் கிடைத்த காம்பராவில் மகனுக்குத் திருமணமானதும் நடுவே ஒரு சேலை திரையாகத் தொங்கும்; பிறகு இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து இன்னொரு அறையாக்கிக் கொள்வார்கள். வயதுக்கு வந்த அண்ணன் அங்கே படுப்பான், தங்கைகள் அம்மாயியுடன் (பாட்டியுடன்) ஒரே கம்பளிக்குள் படுப்பார்கள், கைக்குழந்தை கூரை மரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் கிடக்கும். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, எல்லோரும் உறங்கிய பின் விளக்கை எரிய விட்டால் விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போக வேண்டிய தாயின் தூக்கம் கெடும் என்பதால், புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துக் கொள்ளும். வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தவர்களை வகுப்பின் வெளியே நிறுத்திய நாட்களை நினைத்து, அந்த லயத்துப் படிகளில் இறங்கும்போது நான் மிகவும் வருந்தினேன்.

ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்குத் தனியறை இல்லாததுதான் குறை என்று அன்று நான் எண்ணியது தவறு. பிள்ளை தனியே உறங்குவது உலக வழக்கம் அல்ல. ஜப்பானில் பல வீடுகளில் இரவில் தரையில் விரித்த மெத்தையைக் காலையில் மடித்துச் சுவர் அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். தாய்க்கும் தந்தைக்கும் நடுவில் பிள்ளை படுப்பதை, ஆறு என்று பொருள்படும், மூன்று கோடுகளாலான எழுத்துக்கு ஒப்பிடுவார்கள். மங்கோலிய மேய்ச்சல்காரரின் வட்டக் கூடாரத்தில் குடும்பம் முழுவதும் ஒரே அடுப்பைச் சூழ்ந்து உறங்குகிறது. பின்லாந்து அரசு 1938 முதல் வறிய தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் வழங்கி வரும் மகப்பேற்றுப் பெட்டியினுள் சிறு மெத்தை ஒன்று இருக்கும். அந்த அட்டைப் பெட்டியே அங்கு எத்தனையோ குழந்தைகளின் முதல் படுக்கை. தனியறைக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே, குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல், குறைந்தது முதல் ஆறு மாதங்களுக்காவது குழந்தையைப் பெற்றோரின் அறையில், தனிப் படுக்கையில் உறங்க வைக்கும்படி பரிந்துரைத்தது.

வேறுபாடு அறையை வகுத்தவர் யார் என்பதில் இருக்கிறது. ஜப்பானியத் தாய் தன் பிள்ளையைத் தானே விரும்பி அருகில் கிடத்துகிறாள். பின்லாந்தின் பெட்டி குழந்தையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. லயமோ, தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களைத் தோட்ட வேலைக்கு அருகில் வைத்திருக்க, ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய குடியிருப்பு. பறிக்கும் கைகளைக் கணக்கிட்டு அளந்த அந்தப் பத்தடியில் ஒரு பிள்ளை வளரும், படிக்கும், பருவமடையும் என்ற எண்ணத்திற்கே இடம் வைக்கப்படவில்லை. பிள்ளைக் காம்பராவும்கூட, தாய் மலைக்குச் செல்வதற்காகத் திறந்து வைக்கப்பட்டதுதான். அங்கு குழந்தைகளை அன்போடு பார்த்துக் கொண்ட பெண்களை நான் அறிவேன். அந்த அன்பு அவர்களுடையது, நிர்வாகத்தினுடையது அன்று.

அண்மைய ஆண்டுகளில் இந்திய அரசின் உதவியுடன் ஏழு பேர்ச்சஸ் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியில் 550 சதுர அடி கொண்ட தனி வீடுகள் கட்டப்பட்டன. என்னிடம் படித்த ஒருத்தி அத்தகைய வீட்டுக்குக் குடிபோன பின் என்னை அழைத்திருந்தாள். இரண்டு படுக்கையறைகளில் ஒன்றை மகளுக்கு ஒதுக்கியிருந்தாள். மகள் அங்கு உறங்குவதில்லை, அம்மாயியின் பக்கத்தில்தான் படுக்கிறாள் என்று தாய் சற்றுக் கூச்சத்துடன் சொன்னாள். மேசை, புத்தகப்பை, தலைக்கு மேலே ஒரு குமிழ் விளக்கு. இரவு பத்து மணி வரை அதை எரிய விடுவதாகவும், அதனால் இப்போது எவருடைய தூக்கமும் கெடுவதில்லை என்றும் அந்தச் சிறுமி என்னிடம் சொன்னாள்.