“அலை திரும்ப வருமா?”: பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். பள்ளி விடுமுறை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பிள்ளைகள் ஏராளம். இப்படி ஒரு பேரழிவில் தப்பித்த பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அவசரத்தில் சொல்லிவிடும் ஆறுதல் “இனிமே வராது, பயப்படாதே” என்பதுதான். அது பொய் என்று பிள்ளைக்குத் தெரியும். அடுத்த முறை நீங்கள் எது சொன்னாலும் நம்பாது.

இப்படிச் சொல்லுங்கள்: “எப்பவாவது வரலாம். கடலை ராத்திரி பகலா கவனிக்க ஹைதராபாத்தில ஒரு மையம் இருக்கு. எச்சரிக்கை வந்தா நாம இந்த வழியா மேட்டுக்குப் போயிடுவோம்.” சொல்வதோடு விடாமல் அந்த வழியில் கூட்டிப்போய் வாருங்கள். பகலில் ஒருமுறை, இருட்டும் நேரத்தில் ஒருமுறை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். தெருமுனை வரை போதும், அதற்கு மேல் பெரியவர் பார்த்துக்கொள்ளட்டும். தன்னால் இன்னொருவருக்கு உதவ முடிகிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் சீக்கிரம் அடங்குகிறது. மனத்திடமும் இரக்கமும் சேர்ந்தே வருகிறவை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். ஆனால் குடும்பத்தையே தாங்கும் பாரத்தை அதன் தலையில் வைக்காதீர்கள். “இனி நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்” என்று பத்து வயதுப் பையனிடம் சொல்வது கொடுமை.

இறந்தவரைப் பற்றி “தூங்குறாங்க” என்று சொன்னால் சின்னப் பிள்ளை தூங்கவே பயப்படும். “செத்துட்டாங்க, இனி வர மாட்டாங்க. உன் மேல எந்தத் தப்பும் இல்லை.” இவ்வளவுதான். அதே கேள்வியை நூறு தடவை கேட்டாலும் அதே பதில்.

மணலில் வீடு கட்டி, தண்ணீர் ஊற்றி அழிக்கும் விளையாட்டு பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும். தடுக்க வேண்டாம். நாள் கணக்கில் ஒரே மாதிரி, முகம் இறுகி, முடிவு மாறாமலே ஆடினால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப யார் வந்து தூக்குவாங்க?” என்று கேளுங்கள். ஒரு படகோ மாமாவோ அந்த விளையாட்டுக்குள் வந்துவிட்டால் கதை நகரும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. வகுப்பு திறக்கும் முன்பே வருகைப் பதிவேட்டைப் புதிதாக எழுதிவிடுங்கள். பழக்கத்தில் இறந்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் வகுப்பே உடைந்துபோகும். பெயரைப் பேசாமல் மறைக்கவும் கூடாது. முதல் மணியிலேயே நடந்ததைச் சொல்லி, அந்த இடத்தைக் காலியாக வைப்பதா, யாராவது உட்காருவதா என்று பிள்ளைகளையே முடிவெடுக்க விடுங்கள்.

தூரத்து ஊர்ப் பிள்ளைகள் உதவ நினைத்தால், என்ன தேவை என்று முதலில் அங்கே கேட்கச் சொல்லுங்கள். சுனாமிக்குப் பிறகு யாரும் கேட்காத பழந்துணி நாகையில் சாலையோரம் குவியலாகக் கிடந்தது. ஜியாமெட்ரி பாக்ஸ் கேட்டால் ஜியாமெட்ரி பாக்ஸ், அதுவும் புதியது. கூட வைக்கும் கடிதத்தில் “பாவம்” வேண்டாம். தனக்குப் பிடித்த விளையாட்டைப் பற்றி எழுதட்டும்.

படுக்கையில் சிறுநீர் போவது, விரல் சூப்புவது, அம்மாவை விட்டு நகராதது எல்லாம் முதல் வாரங்களில் சகஜம். திட்டாதீர்கள். டிவியில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளை நிறுத்துங்கள், சின்னப் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் அது புதிதாக நடப்பதுதான். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சாகணும் என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் மாதம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவிக்கு சைல்டுலைன் 1098, இரண்டு தொலைபேசி எண்களுக்கும் கட்டணமில்லை.