ரெக்கார்டில் ஒரு ± போட நான் பட்ட பாடு

ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்று சொல்லும் யங் குணகத்தை அளக்கும் சோதனைக்கு ஒருவழியாக லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டேன். மர மீட்டர் ஸ்கேல், நடுவில் எடை, டிராவலிங் மைக்ராஸ்கோப்; எல்லாரும் செய்கிற நான்-யூனிஃபார்ம் பெண்டிங்தான் (இரு பக்கமும் தாங்கி, நடுவில் எடை தொங்கவிட்டு, ஸ்கேல் எவ்வளவு வளைகிறது என்று அளப்பது). ரீடிங் எடுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. இழுத்தடித்தது கடைசி வரி.

“ஸ்டாண்டர்ட் வேல்யூ போட்டு பர்சென்டேஜ் எரர் எழுது, அப்புறம் சைன் போடறேன்” என்றார் மேடம். அதாவது, புத்தகத்தில் இருக்கும் மதிப்பிலிருந்து என் விடை எத்தனை சதவீதம் விலகுகிறது என்று. ஆனால் எந்த மரத்தின் வேல்யூ? மரத்துக்கு மரம் குணகம் வேறு. ஈரப்பதம் மாறினாலும் மாறும். எங்கள் ஸ்கேல் என்ன மரம் என்று லேபில் யாருக்கும் தெரியாது. “சீனியர் ரெக்கார்டைப் பாத்து எழுதிடு தம்பி” என்றார் அட்டெண்டர் அண்ணன். மனம் வரவில்லை. என் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை என் ரீடிங்குகள்தான் சொல்ல வேண்டும்; அந்த நிச்சயமின்மையைத்தான் விடைக்குப் பக்கத்தில் ± போட்டு எழுத நினைத்தேன்.

இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் தடிமன் அளக்கும் ஸ்க்ரூகேஜின் ஜீரோவைப் பாருங்கள். எனக்குக் கிடைத்ததில் 0.05 மி.மீ. ஜீரோ எரர் (எதையும் வைக்காமல் மூடினாலே அது காட்டும் அளவு). தடிமன் 6.00 மி.மீ.; சூத்திரத்தில் அது மும்மடியாக வருகிறது. திருத்தாமல் விட்டால் விடை 2.5 சதவீதம் தள்ளிப்போகும். எத்தனை இடத்தில் அளந்து சராசரி எடுத்தாலும் இது போகாது.

திரும்பத் திரும்ப எடுத்த ரீடிங்குகளின் சிதறலிலிருந்து வரும் நிச்சயமின்மை டைப் ஏ: திட்டவிலக்கத்தை ரீடிங் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். கருவி அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவான லீஸ்ட் கவுண்ட்டிலிருந்து வருவது டைப் பி: அதில் பாதியை √3-ஆல் வகுக்க வேண்டும். தடிமனில் 0.02 மி.மீ. வந்தது, மும்மடிக்கு 1 சதவீதம். எடை வைத்ததும் ஸ்கேல் கீழே வளைந்த 1.55 மி.மீ. இறக்கத்தில் இன்னொரு 1. நீளம் 0.4, அகலம் 0.1. எல்லாம் ஒரே பக்கம் தவறுவது அபூர்வம் என்பதால் நேராகக் கூட்டாமல், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தேன்: 1.5 சதவீதம். சுமார் 95 சதவீத நம்பிக்கைக்கு அதை இரட்டித்தால் விடை (1.00 ± 0.03) × 10¹⁰ நியூட்டன்/மீ². கால்குலேட்டர் காட்டும் 1.00195-ஐ அப்படியே எழுதிவிடாதீர்கள்.

மேடம் அப்போதும் மசியவில்லை. அளவீட்டு நிச்சயமின்மையை எப்படி எழுதுவது என்று 1993-இல் ஐஎஸ்ஓ (சர்வதேச தர நிர்ணய அமைப்பு) முதலில் வெளியிட்ட வழிகாட்டி, பிஐபிஎம் (சர்வதேச எடை, அளவுப் பணியகம்) தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து துறைத் தலைவரான எச்ஓடி சாரிடம் காட்டினேன். நின்றபடியே கணக்கைச் சரிபார்த்தார்; பர்சென்டேஜ் எரர் கட்டத்தில் கோடு போட்டுவிடச் சொன்னார். அன்று மாலையே கையெழுத்து விழுந்தது.

எந்த அளவிலிருந்து எத்தனை சதவீதம் என்று சின்ன அட்டவணை போட்டு விடைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். வைவாவில் 0.03 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதைக் காட்டினால் போதும்.